செரி மரத்தில் மிச்சம் வைத்த கோடு: ஜப்பானில் ஏழு நாள்

நாள் 1: ஹாராஜுகு

காலையில் நரிதா விமான நிலையத்தில் இறங்கும்போதே மழை பிடித்திருந்தது. ஜூன் மாத மழைக்கு இங்கே 'த்ஸுயு' என்று பேர். எழுத்தில் 'பிளம் மழை' என்று எழுதுகிறார்கள். பிளம் காய் பழுக்கும் பருவம் இது. அக்கா மகள் இரண்டு குடையோடு வந்து நின்றாள். ஆறு வருடமாக டோக்கியோவில் வேலை பார்க்கிறாள். "சித்தி, இன்னைக்கு நல்லா தூங்குங்க, நாளைக்கு ஆரம்பிக்கலாம்" என்றாள். எனக்கு அது வரைக்கும் பொறுமை இல்லை.

நான் இருபத்திரண்டு வருடம் ஆஃப்செட் அச்சகத்தில் இருந்தவள். நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பதுதான் வேலை. ஒரு வருடம் காலண்டருக்காக ஹொகுசாய் என்ற ஜப்பானிய ஓவியரின் அலைப் படம் வந்தது. மூலப்படத்தை எப்படி அடித்தார்கள் என்று கேட்டேன். "மரக்கட்டையில், கையால்" என்றார்கள். எங்கள் மெஷினே அடிக்கடி அரை மில்லிமீட்டர் தள்ளிப்போகும். கையால் அடிக்கிறவர்கள் இத்தனை நிறத்தையும் எப்படி ஒரே இடத்தில் உட்கார வைத்தார்கள்? அந்தக் கேள்வி மனசிலேயே கிடந்தது. இப்போதுதான் நேரில் வர வாய்த்தது.

மதியம் ஓதா நினைவு அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஹாராஜுகு இளைஞர்கள் மொய்க்கும் இடம்; பாட்டும் துணிக்கடையுமாக ஒரே சத்தம். ஒரு சந்து திரும்பினால் சட்டென்று அமைதி. ஐந்தாம் ஓதா செய்சோ என்ற தொழிலதிபர் வாழ்நாளெல்லாம் சேர்த்த மர அச்சுப் படங்கள் இங்கே இருக்கின்றன, பத்தாயிரத்துக்கும் மேல். 1980-ல் இந்த இடத்தில் திறந்தார்கள். ஆனால் ஒரு சமயத்தில் சுவரில் இருப்பது கொஞ்சம்தான்; ஒவ்வொரு மாதமும் காட்சியை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். விளக்கும் மங்கல்தான். குசும்பப்பூச் சிவப்பும், பூவிலிருந்து எடுத்த பழைய நீலமும் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். கண் பழகுவதற்கு எனக்கு ஐந்து நிமிடம் ஆனது.

இந்தப் படங்களுக்கு உகியோ-எ என்று பேர். 'மிதக்கும் உலகத்தின் படங்கள்' என்று அர்த்தம். 'எடோ' என்று அழைக்கப்பட்ட அன்றைய டோக்கியோவில் நாடக நடிகர்கள், மல்யுத்த வீரர்கள், கேளிக்கைத் தெருவின் பெண்கள், பிறகு ஊர்கள், மலைகள் என்று கடையில் விற்ற படங்கள். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்கு ஒரு படம் கிடைத்தது என்று சொல்வார்கள். சாதாரண ஜனங்கள் வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்ட சரக்கு.

பல நிறங்களில் அச்சடிக்கும் முறை பெரிதாகக் கிளம்பியது 1765-ல், சுசுகி ஹருனோபு வரைந்த படங்களில். அதற்குக் காரணம் காலண்டர் என்று தெரிந்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! அப்போதைய நாள்காட்டியில் சில மாதத்துக்கு முப்பது நாள், சிலவற்றுக்கு இருபத்தொன்பது. எது பெரிய மாதம், எது சின்ன மாதம் என்பதைப் படத்துக்குள், ஒரு பெண்ணின் உடைமேல் இருக்கும் பூவேலைக்குள் ஒளித்து வைத்து, வசதியான ரசிகர்கள் ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுத்தார்கள். என்னுடையது உன்னுடையதைவிட அழகு என்ற போட்டியில் நிறங்கள் கூடின. செலவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. பிறகு பதிப்பாளர்கள் அதைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். 'நிஷிகி-எ', ஜரிகைப் பட்டுப் போன்ற படம், என்று பேர் வைத்தார்கள்.

ஒரு படத்தில் வெள்ளை உடை அணிந்த பெண். வெறும் வெள்ளை என்று நினைத்து நகரப்போனேன். அக்கா மகள், "குனிஞ்சு பக்கவாட்டுல பாருங்க சித்தி" என்றாள். குனிந்தேன். வெள்ளைக்குள் முழுக்க நெசவு வேலை! மையே தடவாமல், செதுக்கிய கட்டைமேல் தாளை வைத்து அழுத்தி எழுப்பிய புடைப்பு. நேராகப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

நாள் 2: சுமிதா

ரியோகொகு ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் சுமிதா ஹொகுசாய் அருங்காட்சியகம். 2016-ல் திறந்தது, கட்டட வடிவமைப்பு செஜிமா கஸுயோ. வெளிச்சுவர் முழுக்க அலுமினியம், அன்றைக்கு மழை மேகம் அதில் மங்கலாகத் தெரிந்தது. ஹொகுசாய் 1760-ல் பிறந்தது இந்த வட்டாரத்தில்தான். எண்பத்தெட்டு வயது வரை வாழ்ந்தார், தொண்ணூற்று மூன்று முறை வீடு மாறினார் என்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலும் இந்த ஆற்றங்கரையைவிட்டு அதிக தூரம் போகவில்லை.

அலைப் படத்தின் முன்னால் நின்றேன். முதலில் தோன்றியது, எவ்வளவு சின்னது! ஏறக்குறைய முப்பத்தேழு சென்டிமீட்டர் அகலம், இருபத்தைந்து உயரம். எங்கள் காலண்டரில் இதைவிடப் பெரிதாக அடித்தோம். சின்னதாக இருப்பதால் கிட்டே போகவேண்டியிருக்கிறது. கிட்டே போனால்தான் அலைக்கடியில் மூன்று படகுகள், அவற்றில் குப்புறக் கவிழ்ந்து துடுப்பைப் பிடித்திருக்கும் ஆட்கள், எல்லாம் கண்ணில் படுகிறது. நடுவில் ஃபூஜி மலை, அதுவும் ஓர் அலை மாதிரியே.

இது 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' வரிசையில் ஒன்று, 1831 வாக்கில் வந்தது. விற்பனை நன்றாக இருந்ததால் இன்னும் பத்து சேர்த்து நாற்பத்தாறு ஆக்கினார்கள். தலைப்பை மட்டும் மாற்றவில்லை. ஹொகுசாய்க்கு அப்போது எழுபது வயது தாண்டியிருந்தது. நீலம், பெர்லினில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்த பிரஷ்ய நீலம். 'பெர்லின்' என்ற பேரே தேய்ந்து இங்கே 'பெரோ-ஐ' ஆனது. 'ஐ' என்றால் அவுரி நீலம். பழைய பூ நீலம் வெளுத்துவிடும், அவுரி அந்த அளவுக்குத் தண்ணீரில் கரைந்து கொடுக்காது. இந்தப் புது நீலம் தெளிவாகவும் இருந்தது, அடர்த்தியிலிருந்து மெல்லியதாக இறங்கவும் செய்தது. இந்த நீலம் கைக்கு வராமல் இருந்திருந்தால் கடலும் வானமும் இப்படி வந்திருக்காது என்பது என் அபிப்ராயம்.

அக்கா மகள் பர்ஸிலிருந்து ஆயிரம் யென் நோட்டை எடுத்துக் காட்டினாள். 2024 ஜூலையில் வந்த புது நோட்டு. பின்பக்கம் இதே அலை.

என்னை நிறுத்தி வைத்தது வேறு ஒன்று. ஹொகுசாய் தன் கையால் வரைந்த அலையின் மூலம் எங்கே என்று கேட்டேன். இல்லை. இருக்கவும் முடியாது. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுக்கும் கடைசிப் படத்தைக் கட்டைமேல் குப்புற ஒட்டி, அந்தத் தாளோடு சேர்த்துத்தான் செதுக்குவார்கள். செதுக்கி முடிக்கும்போது ஓவியம் போய்விடும். ஆக இந்த உலகத்தில் நாம் பார்க்கும் ஒவ்வொரு அலைக் கோடும், ஹொகுசாயின் தூரிகையைத் தொடர்ந்து போன இன்னொருவருடைய கத்தி விட்டுவைத்த கோடு. அந்த இன்னொருவர் யார்? படத்தில் ஹொகுசாய் பேர் இருக்கிறது. பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சி என்று தெரியும். செதுக்கியவர், அடித்தவர் பேர் படத்தில் இல்லை.

ஹொகுசாய்க்கு அந்த ஆட்களின் அருமை தெரிந்திருந்தது. தன் புத்தக வேலைக்கு எகாவா தொமெகிச்சி என்ற செதுக்குநர்தான் வேண்டும் என்று 1836-ல் பதிப்பாளர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். நான் கீழிமை போடாத இடத்தில் செதுக்குநர் கீழிமை சேர்க்கக் கூடாது, மூக்கை உதாகவா என்ற இன்னொரு ஓவியப் பள்ளியின் பாணி மூக்காக மாற்றக் கூடாது என்று அதில் மூக்கையே வரைந்து காட்டுகிறார். எழுபத்தாறு வயதில்! கத்தி அரைக்கால் மயிரிழை நகர்ந்தால் முகம் வேறு ஆளுடையதாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

வெளியே வரும் முன், கிழவர் ஹொகுசாய் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு தரையில் குனிந்து வரைகிற மாதிரி செய்து வைத்த உருவத்தைப் பார்த்தேன். பக்கத்தில் மகள் ஓய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளும் நல்ல ஓவியர். அந்த அறையில் தாள் குப்பையைத் தவிர வேறு சொத்து எதுவும் இல்லை.

நாள் 3: ஒரு செதுக்குப் பட்டறை

இன்றைக்கு நடந்ததை முழுக்க எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

அக்கா மகளின் அலுவலகத் தோழி வழியாக ஒரு செதுக்குநரின் பட்டறைக்கு அனுமதி கிடைத்தது. அறுபதைத் தாண்டியவர். சிறிய அறை, தாழ்ந்த மேஜை, முன்னால் ஒரு விளக்கு. விளக்குக்கும் கட்டைக்கும் நடுவில் தண்ணீர் நிரப்பிய உருண்டைக் கண்ணாடிக் குடுவை தொங்கியது. வெளிச்சம் அதற்குள் புகுந்து ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு மேஜையில் விழுகிறது, நிழலும் கூச்சமும் இல்லாமல். எண்ணெய் விளக்குக் காலத்துத் தந்திரம். இன்றைக்கும் இதைவிட நல்லது கிடைக்கவில்லை என்றார்.

கட்டை, மலைச் செரி மரம். கெட்டியானது, ரேகை நெருக்கமானது, ஆயிரக்கணக்கான முறை தேய்த்தாலும் மெல்லிய கோடு தாங்கும். அதன்மேல் சோற்றுப் பசை தடவிப் படத்தாளைக் குப்புற ஒட்டியிருந்தார். பிறகு விரல் நுனியால் தாளின் முதுகை மெதுவாக உருட்டி உருட்டித் தேய்த்தார். தாள் இழை இழையாகச் சுருண்டு வந்தது. மேலே கொஞ்சம் எண்ணெய் தடவியதும் கோடுகள் கண்ணாடிக்குள் இருப்பது போல எழுந்து நின்றன.

கத்தியை அவர் பேனா போலப் பிடிக்கவில்லை. முஷ்டிக்குள் பிடித்து, மற்ற கையின் நடுவிரலை நுனிக்குப் பக்கத்தில் வைத்துத் தன்னை நோக்கி இழுக்கிறார். ஒரு கோட்டுக்கு இரண்டு வெட்டு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. வெட்டு நேராக இறங்குவதில்லை, சற்றே சாய்வு. கோடு மேலே மெலிந்து அடியில் அகன்று, வரப்பு மாதிரி நிற்கும். நேராக வெட்டினால் தேய்க்கும்போது ஒடிந்துபோகும். அப்புறம் உளியால் நடுவில் இருக்கும் மரத்தைக் களைகிறார்.

இதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், ஆனால் இன்றுதான் மண்டையில் ஏறியது: இவர் கோட்டைச் செதுக்குவதே இல்லை. கோடு இல்லாத இடத்தையெல்லாம் செதுக்குகிறார். கோடு, கத்தி தொடாமல் விட்ட மரம்.

அதற்கு உச்சம் தலைமுடி. உதாமரோ வரைந்த பெண்களின் நெற்றியோரம் இருக்கிறதே, வகிடிலிருந்து காது வரைக்கும், ஒவ்வொரு முடியாக எண்ணலாம். ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு மூன்று முடி. ஓவியர் அதை முழுக்க வரைந்து கொடுப்பதில்லை. ஏறக்குறைய இப்படி என்று காட்டிவிடுவார், மிச்சம் செதுக்குநர் பொறுப்பு. முகத்தையும் முடியையும் தலைமைச் செதுக்குநர் செய்வார், உடையையும் பின்னணியையும் மற்றவர்கள். "முடிக்கு வர எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டேன். அக்கா மகள் மொழிபெயர்த்தாள். அவர் யோசித்துவிட்டுப் பத்து என்றார். கொஞ்சம் பொறுத்து, "பத்து வருஷத்துல குடுத்தாங்க. வர்றதுக்கு இன்னும் ஆச்சு" என்று சொன்னார்.

நான் அச்சகத்தில் இருந்தவள் என்று அக்கா மகள் சொன்னதும் எழுந்து போய் ஒரு பழைய அச்சை எடுத்து வந்தார். 1850களின் நடிகர் படம். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு எழுத்து. "ஹோரி தகே" என்று வாசித்தார். ஹோரி என்றால் செதுக்கியது. யோகோகாவா தகெஜிரோ என்ற செதுக்குநரின் முத்திரை. அந்தக் காலகட்டத்தில் சில பெரிய செதுக்குநர்களுக்கு இப்படி ஒரு மூலை கிடைத்தது. ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும். அவர் சுண்டுவிரலை அதற்குக் கீழே வைத்து, தொடாமல், ரொம்ப நேரம் காட்டிக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது, இத்தனை நிறத்தையும் எப்படி ஒரே இடத்தில் உட்கார வைக்கிறீர்கள் என்ற என் பழைய கேள்வியைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே கட்டையின் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார். அங்கே 'ட' வடிவத்தில் ஒரு சின்னப் பள்ளம். அதே விளிம்பில் கொஞ்சம் தள்ளி நேர்க்கோடாக இன்னொன்று. கென்தோ. தாளின் மூலை முதலாவதில் உட்காரும், ஓரம் இரண்டாவதில் சாயும். முதலில் கோட்டுக் கட்டையைச் செதுக்கி, நிறத்துக்கு ஒன்றாகப் படி எடுக்கிறார்கள். அந்தப் படியில் கென்தோவும் சேர்ந்தே பதிந்திருக்கும். அந்தப் படியை ஒட்டித்தான் ஒவ்வொரு நிறக் கட்டையும் செதுக்கப்படுகிறது. ஆக எல்லாக் கட்டைக்கும் ஒரே மூலை. இவ்வளவுதான்! திருகாணி இல்லை, அளவுகோல் இல்லை, இரண்டு பள்ளம்.

நாள் 4: அசகுசா

இரண்டு பள்ளம் என்று நேற்று எழுதினேன். இன்றைக்கு நானே அடித்துப் பார்த்தேன்.

அசகுசாவில் பார்வையாளர்களுக்கு அச்சடிக்கக் கற்றுக்கொடுக்கும் சிறிய பட்டறை. சொல்லிக்கொடுத்தவர் இளம் பெண், அச்சடிப்பவராகவே எட்டு வருடம். தாள்களை முந்தின நாளே ஈரப்படுத்தி அடுக்கி வைத்திருந்தார். தொட்டால் ஈரம் என்று சொல்ல முடியாது. குளிர்ச்சி மட்டும் தெரியும். ஈரம் கூடினால் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும், அப்போது கென்தோ எவ்வளவு சரியாக இருந்தாலும் நிறம் விலகும். அதனால் முதல் நிறத்திலிருந்து கடைசி நிறம் வரை தாளை ஒரே ஈரத்தில் வைத்திருப்பதுதான் அச்சடிப்பவரின் முதல் வேலை. அச்சகத்தில் ஏசி போட்டு நாங்கள் செய்ததை இவர் ஈரத் துணியாலும் விரல் நுனியாலும் செய்கிறார்.

கட்டைமேல் நிறத்தை இரண்டு சொட்டு, பக்கத்தில் சோற்றுப் பசை ஒரு பொட்டு. குதிரை முடித் தூரிகையால் வட்டமாகக் கலந்து, கடைசியில் மர ரேகையோடு ஒரு தடவல். தாளை கென்தோவில் பொருத்தி மெல்ல விட்டதும், பாரென் எடுத்துத் தேய்க்கவேண்டும்.

பாரென் என்பது உள்ளங்கை அளவு வட்டம். தாளை அடுக்கடுக்காக ஒட்டி அரக்குப் பூசிய தட்டு. அதற்குள் மூங்கில் பாளையைக் கிழித்து முறுக்கிய கயிறு, சுருள் சுருளாகச் சுற்றியது. வெளியே முழு மூங்கில் பாளையை இழுத்துக் கட்டிப் பின்னால் முடிச்சு. அந்தக் கயிற்றின் முடிச்சுகள் ஆயிரம் புள்ளியாகத் தாளை அழுத்துகின்றன. மெல்லிய கோட்டுக்கு மெல்லிய கயிறு, பெரிய நிறப் பரப்புக்குத் தடித்த கயிறு. அவர் தேய்க்கும்போது தோளிலிருந்து எடை இறங்குகிறது. மணிக்கட்டு அசையவே இல்லை.

நான் ஐந்து தாள் அடித்தேன். மூன்றில் சிவப்பு விலகியது. தாளை விடும்போது கட்டைவிரல் நடுங்கியதுதான் காரணம். நான்காவதில் கோடு சரி, நீலம் திட்டுத் திட்டாக விழுந்தது. ஐந்தாவது சுமாராக வந்தது. அதை வைத்துக்கொண்டேன்.

பிறகு அவர் பொகாஷி செய்து காட்டினார். வானத்தின் மேல் விளிம்பில் அடர்நீலம், கீழே இறங்க இறங்க ஒன்றுமில்லாமல் கரைவது. கட்டையில் அதற்குச் செதுக்கல் எதுவும் கிடையாது, வெறும் தட்டையான மரம். ஈரத் துணியால் மரத்தை ஒரு தடவு தடவி, தூரிகையின் ஒரு ஓரத்தில் மட்டும் நிறத்தை எடுத்து அக்கம்பக்கமாக இழுக்கிறார்; நிறம் ஈரத்துக்குள் ஓடி மெலிகிறது. ஒவ்வொரு தாளுக்கும் இதைப் புதிதாகச் செய்யவேண்டும். பழைய நாளில் ஒரு பதிப்பு என்றால் இருநூறு தாள். இருநூறு முறை அதே வானம்.

நாள் 5: ஷின்-ஓஹாஷி

காலை முழுக்க மழை. நான் இதற்காகவே காத்திருந்தேன்.

ஓவியர் ஹிரோஷிகே 1856-லிருந்து 1858-ல் இறக்கும் வரை 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' வரைந்தார். 1855 நிலநடுக்கத்தில் நகரம் நொறுங்கியிருந்த சமயம் அது. அந்த வரிசையில் ஒன்று, ஷின்-ஓஹாஷி பாலத்தில் திடீர் மழை. பாலத்தில் ஆறேழு பேர் குடையையும் பாயையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஆற்றில் ஒரு தெப்பக்காரன் மட்டும் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கிறான். எதிர்க்கரை மழையில் சாம்பலாகக் கரைகிறது. 1887-ல் வான் கோ இதை எண்ணெய் வண்ணத்தில் பார்த்து வரைந்தார்.

இப்போதிருக்கும் பாலம் 1977-ல் கட்டியது. மஞ்சள் கோபுரத்திலிருந்து இரும்பு வடங்கள் இறங்குகின்றன. படத்தில் இருக்கும் மரப்பாலத்தோடு இதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. இடம்கூடக் கொஞ்சம் மாறியிருக்கிறது. இருந்தாலும் நடுவில் போய் நின்றோம். சுமிதா ஆறு அகலமாக, ஈய நிறத்தில் ஓடியது. லாரிகள் போகும்போது பாலம் அதிர்ந்தது. மழை சாய்ந்து விழ ஆரம்பித்ததும் பையிலிருந்து அந்தப் படத்தின் நகலை எடுத்தேன், குடைக்குள்ளேயே.

ஹிரோஷிகேயின் மழை வெறும் கறுப்புக் கோடுகள். மேலிருந்து கீழ்வரை, நூல் மாதிரி, நூற்றுக்கணக்கில். நேற்று முன்தினம் வரை இதைப் 'போட்ட' கோடுகளாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது பார்த்தால் பயமாக இருக்கிறது. இந்த ஒவ்வொரு இழையும் மரத்தில் நிற்கவிட்ட வரப்பு. இரண்டு இழைக்கு நடுவில் இருந்த மரம் முழுக்க ஒருவர் கத்தியால் எடுத்துப் போட்டது. ஒன்று ஒடிந்தாலும் மழையில் ஓட்டை. அதுவும் ஒரு கட்டை இல்லை, சற்றே வேறு சாய்வில் இரண்டு. அதனால்தான் மழைக்கு ஆழம் வருகிறது.

மேலே கறுத்த மேகம் இருக்கிறதே, அது அச்சடித்தவருடையது. நேற்று பார்த்த பொகாஷிதான், ஆனால் நேர் விளிம்பு இல்லாமல், தண்ணீரைக் கட்டைமேல் சிந்தி நிறத்தை அதன் போக்கில் ஓடவிடுவது. அதனால் ஒரு பிரதியில் இருக்கும் மேகம் இன்னொன்றில் இருக்காது. மழை கத்தியிலிருந்து வந்தது, மேகம் கையிலிருந்து வந்தது, கையெழுத்து ஹிரோஷிகேயுடையது. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. இப்படி ஒரு சாய்வும் ஓட்டமும் வேறு யாருக்குத் தோன்றியிருக்கும்? ஆனால் மற்ற இருவரையும் சேர்த்துச் சொல்லாமல் எனக்கு இனி அந்தப் படத்தைப் பற்றிப் பேச வராது.

"சித்தி, நனையுறீங்க" என்றாள் அக்கா மகள். படத்தைத்தான் நனையாமல் பிடித்திருந்தேன்.

நாள் 6: ஜின்போச்சோ, கின்ஸா

இன்றைக்குச் சுருக்கமாக.

காலையில் ஜின்போச்சோவின் பழைய புத்தகக் கடைகள். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஊரில், ஒரு கடையில், மர அச்சு என்று சொல்லி எனக்கு ஒரு படத்தை விற்றார்கள். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்தால் நான்கு நிறப் புள்ளிகள். ஆஃப்செட்! ரொம்ப நாள் மனசு ஆறவில்லை. அதனால் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: படத்தைத் திருப்பிப் பாருங்கள். நிஜமான மர அச்சில் நிறம் தாளுக்குள் இறங்கிப் பின்பக்கமும் தெரியும். பாரென் தேய்த்த வட்டத் தடங்கள் வெளிச்சத்தில் மினுங்கும். இன்று கடைக்காரர் நான் கேட்கும் முன்பே திருப்பிக் காட்டினார்.

மாலையில் கின்ஸா. வதனாபே ஷோஸபுரோ என்ற பதிப்பாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செத்துக்கொண்டிருந்த இந்தத் தொழிலைப் புது ஓவியர்களைக் கொண்டு எழுப்பினார். 1923 நிலநடுக்கத் தீயில் அவருடைய கட்டைகளெல்லாம் எரிந்தன, மறுபடியும் ஆரம்பித்தார். கவாசே ஹாசுய் வரைந்த ஸோஜோஜி கோயில் படம், சிவப்பு வாசலில் பனி, 1925, அதற்குப் பிறகு வந்ததுதான். யோஷிதா ஹிரோஷியின் பாய்மரப் படகுகளும் பார்த்தேன். 1926-ல் செய்தது. ஒரே கட்டைகளை வைத்து நிறத்தை மட்டும் மாற்றிக் காலை, முற்பகல், பிற்பகல், பனிமூட்டம், மாலை, இரவு என்று ஆறு படம். இவர் 1930-31-ல் இந்தியாவுக்கும் வந்து தாஜ்மகாலை மர அச்சாக்கியவர்.

நாள் 7: எச்சிசென்

கடைசி நாளைத் தாளுக்கென்று ஒதுக்கினேன். அக்கா மகள் லீவு போட்டாள். டோக்கியோவிலிருந்து புல்லட் ரயில். 2024 மார்ச்சில் இந்தப் பாதையை நீட்டிய பிறகு எச்சிசென்-தகேஃபு வரை நேராகவே போகலாம். அங்கிருந்து டாக்ஸியில் மலையடிவாரம். மழை விட்டு, மலை முழுக்க வெள்ளைப் புகையாக மேகம்.

தாளுக்கென்று இங்கே ஒரு பெண் தெய்வம் உண்டு. கவாகமி கோசென், 'ஆற்றின் மேற்புறத்து அம்மாள்'. வயல் குறைவான இந்தப் பள்ளத்தாக்குக்கு ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் ஒரு பெண் வந்தாள், உங்களிடம் நல்ல தண்ணீர் இருக்கிறது, தாள் செய்து பிழையுங்கள் என்று சொல்லி மேலாடையைக் கழற்றி மூங்கிலில் தொங்கவிட்டு வித்தையைக் கற்றுக்கொடுத்தாள் என்பது கதை. ஓகமோதோ-ஓதாகி கோயிலில் நின்றோம். 1843-ல் கட்டிய மரக் கோயில். கூரைமேல் கூரையாக அலை புரள்வது போல இருக்கிறது. பாசி படிந்த படிகளில் எங்களைத் தவிர ஆள் இல்லை.

ஊருக்குள் பழைய முறையில் தாள் செய்து காட்டும் கைவினைக் கூடத்துக்குப் போனோம். கோஸோ என்ற செடியின் பட்டை. நம் முசுக்கொட்டைக்கு உறவு. அவித்து உரித்து, கறுப்புத் தோலைச் சுரண்டி, காரநீரில் வேகவைத்து, அடித்து நாராக்குகிறார்கள். நாரைத் தொட்டியில் கரைக்கும்போது ஒரு வேரின் சாற்றை ஊற்றினார்கள். கையை விட்டுப் பார் என்றார் அங்கிருந்த அம்மா. விட்டேன். வெண்டைக்காய்! அதே கொழகொழப்பு, விரலிலிருந்து நூலாக ஒழுகுகிறது. தொரொரோ-அவோய் என்ற அந்தச் செடி வெண்டை இனம்தானாம். இந்தக் கொழகொழப்புதான் நாரைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரே சீராகப் படியவைக்கிறது. வெயில் காலத்தில் இது சீக்கிரம் நீர்த்துவிடும். அதனால் நல்ல தாள் குளிர்காலத்துத் தாள். உறையும் தண்ணீரில் கைவிட்டுச் செய்வது.

மர அச்சுக்குரிய தாள் ஹோஷோ. கோஸோ நார் மட்டும் சேர்ந்தது, தடிமன், பஞ்சு மாதிரி மெத்து. இந்த ஊரின் ஒன்பதாம் இவானோ இச்சிபே அந்தத் தாளுக்காக 2000-ல் வாழும் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டவர். அவருடைய அப்பா, எட்டாமவர், அதே கௌரவத்தை 1968-லேயே பெற்றவர். முப்பது நாற்பது முறை பாரென் ஏறித் தேய்த்தாலும் ஹோஷோ கிழியாது, பிசிறாது. நேற்று பின்பக்கம் தெரிந்த நிறம், முதல் நாள் பார்த்த வெள்ளைப் புடைப்பு, இரண்டுமே இந்த மெத்துக்குள் நடப்பது.

கூடத்தின் பின்கட்டில் இரண்டு பெண்கள் ஓடும் தண்ணீரில் கூடையை வைத்துக் குனிந்திருந்தார்கள். வெந்த நாரைக் கையளவு எடுத்து விரித்து, அதில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துணுக்கை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். பட்டையின் ஒரு பொட்டு தங்கினாலும் தாளில் கறையாகத் தெரியும். அது ஒரு பெண்ணின் கன்னத்தில் விழலாம், ஃபூஜியின் பனியில் விழலாம். எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்று அக்கா மகள் கேட்டாள். காலையிலிருந்து சாயந்திரம் வரை, என்றார் மூத்தவர். தலையைத் தூக்காமலே என்னையும் உட்காரச் சொன்னார்.

உட்கார்ந்தேன். தண்ணீர் ஜூன் மாதத்திலும் சில்லென்று இருந்தது. முதலில் எனக்கு எதுவுமே கண்ணில் படவில்லை, எல்லாம் வெள்ளை. அவர் என் கையிலிருந்த நாரைத் தண்ணீருக்குள் லேசாக அசைத்துக் காட்டினார். மிளகைவிடச் சின்னதாக ஒன்று திரும்பியது. எடுத்தேன். அப்புறம் இன்னொன்று. அரை மணி நேரத்தில் ஒரு கைப்பிடி நார் முடித்தேன். அவர் அதை மறுபடி ஒருமுறை பார்த்து, இரண்டு எடுத்துவிட்டுத் தன் கூடையில் சேர்த்துக்கொண்டார்.

ஐந்தரை மணி ரயிலில் திரும்புகிறோம். அசகுசாவில் அடித்த தாளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி மடியில் வைத்திருக்கிறேன். இப்போதுதான் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். என் பாரென் தடங்கள் கோணல் மாணலாக இருக்கின்றன. நீலம் நன்றாக இறங்கியிருக்கிறது.